செய்முறையோடு கொடுத்த உதவி!



2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய இரு நாள்களும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வானம் பொத்துக்கொண்டது போல மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை கடந்தது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், எங்கள் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் இருந்த தண்டவாளத்தின் அடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்தில் இருக்கும் புதுக்குடி கிராமத்து மக்கள் சோறு பொங்கிக் கொடுத்து அவர்கள் பசியைத் தீர்த்தார்கள்.

அந்த நாள்களில் வெளியூரில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“எங்க ஆளுக எங்கே இருக்காங்க? பத்திரமா இருக்காங்களா?”

போன் போட்டால் கிடைக்கவில்லை. எந்த ஊரில் எத்தனை பேர், எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் தங்கியிருக்கிறார்கள், யாருக்குப் பால் வேண்டும், யாருக்கு மருந்து வேண்டும்? இதெல்லாம் தெரிந்தால்தானே உதவி செய்ய முடியும்?

வெள்ளம், புயல், நிலநடுக்கம் எது வந்தாலும் முதலில் எழுவது இந்தக் கேள்விதான். இதற்கு விடை சொல்வதற்கென்றே ஒரு கணினி மென்பொருளைச் சிலர் உருவாக்கினார்கள். எங்கே தெரியுமா? தூத்துக்குடிக் கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில்! அதை அவர்கள் விற்கவும் இல்லை, பூட்டி வைக்கவும் இல்லை. “யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கடல் பொங்கிய ஞாயிற்றுக்கிழமை

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் மிகப் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த சுனாமி அலைகள் சில மணி நேரத்தில் இலங்கையையும் தமிழ்நாட்டையும் தாக்கின. தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர் உயிரிழந்தார்கள். நாகப்பட்டினத்தில்தான் இழப்பு மிக அதிகம். நம் தூத்துக்குடிக் கரைக்கு இலங்கைத் தீவு ஓரளவு தடுப்புச் சுவர் போல நின்றதால், இங்கே பெரிய சேதம் இல்லை.

ஆனால் அந்தத் தடுப்புச் சுவராக நின்ற இலங்கை? அங்கே 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசல் இழந்து பள்ளிக்கூடங்களிலும் கோயில்களிலும் தஞ்சம் புகுந்தார்கள்.

இப்போது நீங்களே கற்பனை செய்து பாருங்கள். ஒரு முகாமில் ஆயிரம் பேர். அவர்கள் பெயரை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார். பத்து மைல் தள்ளி இன்னொரு முகாம். அங்கே இன்னொருவர், இன்னொரு நோட்டு. அம்மா ஒரு முகாமில், குழந்தை வேறொரு முகாமில். இருவர் பெயரும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நோட்டு இன்னொரு நோட்டோடு பேசுமா? பேசாதே!

அதிலும் இலங்கையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகள். ஒரே பெயரை மூன்று விதமாக எழுதலாம். நம் ஊரிலேயே ‘முத்துலட்சுமி’ என்பார் ஒருவர், ‘முத்துலெட்சுமி’ என்பார் மற்றொருவர், ‘எம். லட்சுமி’ என்று சுருக்கி எழுதிவிடுவார் மூன்றாமவர். தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

உதவிப் பொருள்களிலும் இதே குழப்பம். சாலையோரம் இருக்கும் முகாமுக்கு ஐந்து லாரி நிறையத் துணி வந்து இறங்கும். உள்ளே தள்ளியிருக்கும் முகாமுக்கு ஒரு லாரிகூட வராது. கொடுப்பவர்களிடம் மனம் இருக்கிறது. பொருளும் இருக்கிறது. எங்கே கொடுக்க வேண்டும் என்ற விவரம்தான் இல்லை.

சஹானா பிறந்தது

இந்த நேரத்தில் இலங்கையைச் சேர்ந்த கணினிப் பொறியாளர்கள் பலர், “நாம் என்ன செய்யலாம்?” என்று யோசித்தார்கள். படகு ஓட்டத் தெரிந்தவர் படகோடு வந்தார். வைத்தியம் தெரிந்தவர் மருந்தோடு வந்தார். இவர்களுக்குத் தெரிந்தது நிரல் எழுதுவது. அதையே செய்தார்கள்.

நிரல் என்றால் என்ன? கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுப்பு. ‘இதைச் செய், அடுத்து இதைச் செய்’ என்று வரிசையாக எழுதுவது. அப்படிப் பல நிரல்கள் சேர்ந்ததுதான் மென்பொருள்.

இலங்கையில் ‘லங்கா சாஃப்ட்வேர் பவுண்டேஷன்’ என்று ஓர் அமைப்பு இருந்தது. அதைத் தொடங்கியவர் சஞ்சீவ வீரவரண என்ற கணினி அறிஞர். அந்த அமைப்பின் துணையோடு தன்னார்வலர்கள் ஒன்றுகூடி, சில வாரங்களிலேயே ஒரு மென்பொருளை எழுதி முடித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சஹானா’.

சஹானா என்றதும் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு ராகம் நினைவுக்கு வரும். ஆனால் இது அந்த ராகம் அல்ல. சிங்கள மொழியில் இந்தச் சொல்லுக்கு ‘நிவாரணம்’ என்று பொருள். பின்னாளில் இந்தப் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் சமிந்திர டி சில்வா.

சஹானா செய்த வேலைகள் முக்கியமாக நான்கு.

ஒன்று, காணாமல் போனவர்கள் பதிவேடு. இதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. காணாமல் போனவரைப் பற்றி மட்டும் எழுதினால் போதாது. அவரைத் தேடுகிறவர் யார் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் ஆள் கிடைத்ததும் யாருக்குச் சொல்வது என்று தெரியும்!

இரண்டு, முகாம்கள் பதிவேடு. எந்த முகாம் எங்கே இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மூன்று, உதவி செய்யும் அமைப்புகளின் பதிவேடு. எந்த அமைப்பு எந்த ஊரில் என்ன வேலை செய்கிறது?

நான்கு, தேவைகளின் பட்டியல். எங்கே என்ன வேண்டும், யாரிடம் அது இருக்கிறது?

பார்த்தீர்களா? மென்பொருள் யாரையும் தண்ணீரிலிருந்து தூக்கவில்லை. சோறு பொங்கவும் இல்லை. அதைச் செய்தவர்கள் மனிதர்கள்தான். அந்தச் சோறு எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சொன்னது சஹானா.

மக்ரூனும் மூலநிரலும்

இனிதான் கதையின் முக்கியமான இடம் வருகிறது. கவனமாகக் கேளுங்கள்.

தூத்துக்குடி மக்ரூன் சாப்பிட்டிருக்கிறீர்களா? முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்துச் செய்யும் இனிப்பு. வாயில் போட்டால் கரைந்துவிடும். ஒருவர் உங்களுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் கொடுத்தால் என்ன ஆகும்? தின்று தீர்த்துவிடுவீர்கள். மறுநாள் மறுபடியும் அவரிடம்தான் போக வேண்டும்.

அவரே மக்ரூனோடு செய்முறையையும் எழுதிக் கொடுத்தால்? நீங்களே செய்யலாம். முந்திரி விலை அதிகமென்றால் நிலக்கடலை போட்டுப் பார்க்கலாம். பாட்டிக்குச் சர்க்கரை ஆகாதென்றால் குறைத்துப் போடலாம். நன்றாக வந்தால் அந்தப் புதுச் செய்முறையைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லலாம்.

மென்பொருளும் அப்படித்தான். கடையில் விற்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை வெறும் மக்ரூன் மட்டும். பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. மாற்றவும் முடியாது. மென்பொருளின் செய்முறைக்கு ‘மூலநிரல்’ என்று பெயர். மூலநிரலையும் சேர்த்துத் திறந்து கொடுக்கும் மென்பொருள்களைத் ‘திறந்த மூல மென்பொருள்’ என்றும், ‘கட்டற்ற மென்பொருள்’ என்றும் சொல்கிறோம்.

அதை யாரும் பயன்படுத்தலாம். பிரித்துப் பார்க்கலாம். மாற்றலாம். மற்றவருக்குக் கொடுக்கலாம். அவற்றில் பலவற்றுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. “நீ மாற்றிச் செய்ததைப் பிறருக்குக் கொடுத்தால், அதன் செய்முறையையும் சேர்த்தே கொடு!” நியாயம்தானே? நமக்குத் திறந்து கிடைத்ததை நாம் பூட்டலாமா?

இங்கே உங்களில் யாராவது கெட்டிக்காரப் பிள்ளை கை தூக்கிக் கேட்கலாம். “ஐயா, எல்லாம் திறந்திருந்தால் காணாமல் போன குழந்தைகளின் விவரம் கெட்டவர்கள் கையில் கிடைத்துவிடாதா?”

நல்ல கேள்வி! திறந்திருப்பது செய்முறைதான், பதிவேடு அல்ல. பூட்டு எப்படிச் செய்வது என்று ஊருக்கெல்லாம் தெரியலாம். அதனால் உங்கள் வீட்டுச் சாவி ஊரார் கைக்குப் போய்விடுமா? போகாது. முகாமில் எழுதிய பெயர்களையும் விவரங்களையும் பொறுப்பானவர்கள் மட்டுமே பார்க்கும்படி காக்க வேண்டும். இந்த வேறுபாட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லைகளைத் தாண்டியது

சுனாமி நடந்து ஓர் ஆண்டு முடிவதற்குள் இன்னொரு பேரிடர். 2005ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி காஷ்மீர்ப் பகுதியில் பெரும் நிலநடுக்கம். பாகிஸ்தானில் மட்டும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மீண்டும் அதே கேள்வி: “எங்க ஆளுக எங்கே?”

மென்பொருளைப் புதிதாக எழுத அங்கே யாருக்கு நேரம் இருக்கிறது? அந்த அவசியமும் ஏற்படவில்லை. இலங்கைக்காரர்கள் எழுதிய சஹானா இருந்ததே! அதை எடுத்துத் தங்கள் தேவைக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினார்கள்.

2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் நாட்டில் மலைச்சரிவு ஏற்பட்டுக் கின்சாகன் என்ற கிராமமே மண்ணுக்குள் புதைந்தது. அங்கும் சஹானா. அதே ஆண்டு மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம். அங்கும் சஹானா. 2010 ஜனவரியில் உலகத்தின் மறு கோடியில் இருக்கும் ஹைட்டி நாட்டில் நிலநடுக்கம். எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, எந்த மருத்துவமனை எங்கே இருக்கிறது என்ற பட்டியல்களைத் தொகுக்க அங்கும் சஹானா!

ஒரு நாடு தன் கண்ணீரைத் துடைக்கச் செய்த கைக்குட்டை, நான்கு நாடுகளின் கண்ணீரைத் துடைத்தது. செய்முறையைப் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை என்ற அமெரிக்க அமைப்பு, சமூகத்துக்கு நன்மை செய்யும் பணிகளுக்காக ஒரு விருது கொடுக்கிறது. முதல் முறை 2005ஆம் ஆண்டுக்கு அதைப் பெற்றது விக்கிப்பீடியா. அடுத்த ஆண்டே, 2006ஆம் ஆண்டுக்கான விருது சஹானாவுக்குக் கிடைத்தது.

நிரல் தெரிந்தால்தானா?

“இதெல்லாம் பெரிய இன்ஜினீயர்கள் செய்யும் வேலை. நமக்கென்ன?” என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை!

எங்கள் ஊர்ப் பக்கம் ‘குடிமராமத்து’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. 1870-களில் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயல்களுக்குப் போகின்றன. தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டுமே! அந்தக் காலத்தில் ஊரார் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்குவார்கள். ஒருவர் தூர் வாருவார். ஒருவர் கரையை உயர்த்துவார். ஒருவர் செடி கொடிகளை வெட்டுவார். வேலை செய்ய முடியாத பெரியவர், “ஏலே, அந்த மடை உடைஞ்சு கெடக்கு பாருங்க!” என்று கரையில் நின்று சொல்வார். அதுவும் வேலைதான்! எல்லோருக்கும் பொதுவான வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றினார்கள். யாரும் இறங்காவிட்டால் வாய்க்கால் தூர்ந்துபோகும். கடைமடைக்குத் தண்ணீர் வராது.

திறந்த மூல மென்பொருளும் ஒரு பொது வாய்க்கால்தான். அதில் நிரல் எழுதுகிறவர்கள் ஒரு பகுதி. சிலர் சம்பளத்துக்குச் செய்வார்கள். பலர் சும்மாவே செய்வார்கள். அவர்களைத் தவிர, பயன்படுத்திப் பார்த்துப் பிழை சொல்கிறவர்கள், தங்கள் மொழிக்கு மாற்றுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், ‘இதை எப்படிப் பயன்படுத்துவது’ என்று விளக்கம் எழுதுகிறவர்கள், புதிதாக வருகிறவர்களின் சந்தேகத்தைத் தீர்க்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. யாரும் கவனிக்காமல் விட்ட மென்பொருளும் தூர்ந்துபோன வாய்க்கால் போல ஆகிவிடும்.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் குளறுபடி ஆகாதா? ஆகாது. உங்கள் நகலில் நீங்கள் எதையும் மாற்றிக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவான மூலப் பிரதியில் உங்கள் மாற்றம் சேர வேண்டுமென்றால், அதைப் பொறுப்பாளர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் படித்துப் பார்ப்பார்கள். “இந்த வரி சரியில்லை, திருத்தி அனுப்புங்கள்” என்பார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடியும் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் சேர்ப்பார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற குறிப்பும் அப்படியே பதிவாகி நிற்கும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். சிவப்பு மையைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். “எங்கே தப்பு?” என்று கேட்டுத் திருத்திக்கொள்ளும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகையினர்தான் முன்னேறினார்கள். திறந்த மூல உலகத்தில் நுழைய முதல் தகுதி, திருத்தத்தைச் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொள்வதுதான். பிறர் தவறைச் சொல்லும்போதும் ஆளைப் பழிக்காமல் பிழையை மட்டும் சொல்ல வேண்டும்.

‘3 இடது’ என்றால் என்ன?

தமிழில் மாற்றும் வேலை எவ்வளவு சுவையானது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன்.

ஒரு விளையாட்டு மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் மூன்று வாய்ப்பு மீதம் இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் ‘த்ரீ லெஃப்ட்’ என்று காட்டுகிறது. மொழிபெயர்ப்பவர் கையில் அந்தச் சொல் மட்டும்தான் கிடைக்கிறது. அவர் அவசரத்தில் ‘3 இடது’ என்று போட்டுவிட்டால்? விளையாடும் பிள்ளை இடப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்!

‘ரைட்’ என்றால் வலப்பக்கமா, சரியா? ‘ஓப்பன்’ என்றால் ‘திற’ என்ற கட்டளையா, ‘திறந்திருக்கிறது’ என்ற தகவலா? மென்பொருளைத் திறந்து, அந்தச் சொல் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்தால்தான் தெரியும். இப்படிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தமிழ் தெரிந்து, கண்ணைத் திறந்து வைத்திருக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை போதும்.

விளையாட்டில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். சஹானா போன்ற ஒன்றில், முகாமில் பெயர் பதியும் இடத்தில் ஒரு சொல் தவறாக இருந்தால்? மொழி விஷயத்தில் அலட்சியம் கூடாது என்று தமிழ் ஐயா சொல்வது சும்மா இல்லை, புரிகிறதா?

தமிழுக்குக் கூடிய கைகள்

நம் தமிழுக்காகவும் இப்படிப் பலர் கூடி உழைத்திருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி இதை முன்னின்று நடத்தினார். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் பழைய தமிழ் நூல்களை வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். ஒருவர் தட்டச்சு செய்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரின் நீதிநெறி விளக்கமும் இப்படிக் கணினிக்குள் வந்தது. இன்று உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அதைக் காசில்லாமல் படிக்கலாம்.

2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதன் தொடக்க காலத்திலிருந்தே உழைத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன். விக்கிப்பீடியா இயங்குவதும் ஒரு திறந்த மூல மென்பொருளில்தான். 2012இல் ‘கணியம்’ என்ற மின்னிதழ் தொடங்கி, திறந்த மூல மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் கட்டுரைகளும் புத்தகங்களும் வெளியிட்டது. இவற்றில் உழைத்தவர்கள் பலரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு, மீதி நேரத்தில் இதைச் செய்தவர்கள்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வெறும் கதை கேட்டால் போதுமா? கையில் எடுத்துச் செய்ய நான்கு வேலைகள் தருகிறேன். அப்பா, அம்மா அல்லது ஆசிரியர் துணையோடு செய்யுங்கள்.

1. பயன்படுத்துங்கள். ‘டக்ஸ் பெயிண்ட்’ என்ற ஓவிய மென்பொருள் சிறுவர்களுக்காகவே 2002இல் வெளியானது. பில் கென்ட்ரிக் என்பவர் தொடங்கினார். திறந்த மூல மென்பொருள், காசு கிடையாது. நம் பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது. தமிழிலும் இயங்கும். அதில் இருக்கும் தமிழ்ச் சொற்களைப் படித்துப் பாருங்கள். ‘இதைவிட நல்ல சொல் இருக்கிறதே’ என்று தோன்றினால் குறித்து வையுங்கள்.

2. பிழையைச் சரியாகச் சொல்லுங்கள். “இது வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயன் இல்லை. அறிவியல் செய்முறைக் குறிப்பேட்டில் எப்படி எழுதுவீர்கள்? அதே போல மூன்று வரி எழுதுங்கள். நான் என்ன செய்தேன்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன்? உண்மையில் என்ன நடந்தது? இப்படி எழுதிய குறிப்பைப் பார்த்ததும் நிரல் எழுதியவர் முகம் மலர்ந்துவிடும்.

3. உங்கள் ஊரை வரைபடத்தில் தேடுங்கள். ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற திறந்த வரைபடம் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. அதை வரைவது மக்கள்தான். 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்தபடியே விண்ணிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து அங்குள்ள தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்களுக்கு அந்த வரைபடம் வழிகாட்டியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போதும், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்கள் இந்த வரைபடத்தின் மேல் குறித்தார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, மேட்டில் இருக்கும் மண்டபம் எல்லாம் அதில் இருக்கின்றனவா? பெயர் சரியாக இருக்கிறதா? வெள்ளக் காலத்தில் படகில் வருகிற வெளியூர்க்காரருக்கு ‘மேட்டுத் தெரு’ எது, ‘பள்ளத் தெரு’ எது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியுமே!

4. ஒன்று கற்றால் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் கற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் விளக்கம் எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். அதுவும் பங்களிப்புதான்.

ஒரு கண்டிப்பான விதி. இணையத்தில் உங்கள் முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர், பள்ளியின் பெயர் எதையும் எழுதக் கூடாது. அறியாதவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. செய்முறையைத்தான் திறக்க வேண்டும். சாவியை அல்ல என்று மேலே சொன்னேனே, அது உங்களுக்கும் பொருந்தும்!

செல்வங்களே, சஹானாவை எழுதியவர்கள் பாகிஸ்தானையும் பிலிப்பைன்ஸையும் நினைத்து எழுதவில்லை. தங்கள் ஊர் மக்களுக்காக எழுதினார்கள். செய்ததை மறைக்காமல் வைத்தார்கள். முகம் தெரியாத யாரோ அதை எடுத்தார்கள்; முகம் தெரியாத யாருக்கோ அது உதவியது. நீங்கள் இன்று திருத்தும் ஒரு தமிழ்ச் சொல்லும், வரைபடத்தில் குறிக்கும் ஒரு தெருவும் அப்படித்தான் எங்கோ போய், யாருக்கோ உதவும்.

எங்கே, முதல் வேலையை எப்போது தொடங்கப் போகிறீர்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்!

உங்களுக்குத் தெரியுமா?

* லினக்ஸ் என்ற புகழ்பெற்ற திறந்த மூல மென்பொருளை 1991இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது பின்லாந்தில் 21 வயதுக் கல்லூரி மாணவர். பொழுதுபோக்காகச் செய்வதாகத்தான் முதலில் அறிவித்தார். இன்று ஆண்ட்ராய்டு போன்கள் எல்லாவற்றின் அடித்தளமும் அதுதான்.

* லினக்ஸின் சின்னம் ஒரு பென்குயின். அதன் பெயர் டக்ஸ். டக்ஸ் பெயிண்டுக்குப் பெயர் வந்தது இந்தப் பென்குயினால்தான்.

* மென்பொருள் கட்டற்றதாக இருக்க வேண்டும் என்ற இயக்கத்தை 1983இல் தொடங்கியவர் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர். ‘மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் செய்முறையையும் சேர்த்துக் கொடு’ என்ற நிபந்தனையை உரிமமாக எழுதியவரும் அவரே.